வீடு மாறும்போது உணவு நாட்குறிப்பு விட்டுப்போகாமல் இருக்க: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

உணவு நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் பெரும்பாலும் வீடு மாறுகிற வாரத்தில்தான் நின்றுபோகிறது. நின்றதும் "எனக்கு அவ்வளவுதான் மனவுறுதி" என்று தன்னையே நொந்துகொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மனவுறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. நாம் எழுதுகிற அளவெல்லாம் சமையலறையில்தான் இருக்கிறது. தினமும் அதே கிண்ணம், அதே கரண்டி, மேடையில் அதே மூலையில் தராசு, பக்கத்தில் நோட்டு. இவையெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டால் எதைப் பார்த்து எழுதுவது?

அதனால் செய்ய வேண்டியது ஒன்றுதான். சமையலறை பெட்டிக்குள் போவதற்கு முன்பே டைரியை அதிலிருந்து பிரித்துக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகப் போட்டது. வீடு மாற மூன்று வாரம் இருக்கும்போது தொடங்கினால் நிதானமாக முடியும். ஒரு வாரம்தான் இருக்கிறதா? 1, 3, 4 மூன்றையும் இன்றே முடித்துவிட்டு நேராக 6-க்குப் போய்விடுங்கள்.

1. எதற்காக எழுதுகிறீர்கள் என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள்

எடைக்காக எழுதுகிறவருக்கு அளவு முக்கியம். எது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தேடுகிறவருக்கு அளவைவிடச் சேர்மானமும் நேரமும் முக்கியம்: அதில் என்னென்ன இருந்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு வலித்தது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு மாவுச்சத்தும் மருந்து எடுத்த நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதை ஏன் முதலில் தீர்மானிக்க வேண்டும் என்றால், வீடு மாறும் நாட்களில் எல்லாவற்றையும் எழுத முடியாது, எதையாவது விடத்தான் வேண்டும். எதை விடலாம் என்று அன்றைக்கு, இரண்டு கையிலும் பெட்டியோடு நின்று யோசிக்க முடியாது. அதனால் இப்போதே இரண்டு வரி எழுதிவிடுங்கள். "இதற்காக எழுதுகிறேன்" என்று ஒன்று, "எது போனாலும் இது போகக் கூடாது" என்று இன்னொன்று.

மருத்துவரோ உணவியல் நிபுணரோ மூன்று நாளுக்கு அல்லது ஒரு வாரத்துக்கு எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தால், வீடு மாறுவதைச் சொல்லித் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். அவர் பார்க்க நினைப்பது உங்கள் வழக்கமான சாப்பாட்டை. பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு சாப்பிட்டதை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்தால் அது உங்களுக்குப் பொருந்தாது.

இதுவரை எழுதியே பழக்கமில்லை, இப்போதுதான் தொடங்கப் போகிறேன் என்பவர்கள், மாறும் வாரத்தில் தொடங்காதீர்கள். இரண்டு வாரம் முன்னால் தொடங்குங்கள், இல்லையென்றால் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து. "புது வீடு, புதுப் பழக்கம்" என்று குடிபோகும் நாளிலேயே தொடங்கிய யாரும் நான் பார்த்தவரை நான்காம் நாளைத் தாண்டவில்லை.

இன்னொன்று. எண்களைப் பார்த்தாலே பதற்றம் வருகிறது என்றாலோ, சாப்பாட்டோடு முன்பு ஒரு போராட்டம் இருந்திருந்தாலோ, கலோரிக் கணக்கை விட்டுவிடுங்கள். எழுதலாமா வேண்டாமா என்பதையே உங்களைக் கவனிக்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தூக்கமும் இல்லாத வாரம் இது.

2. மூன்று விதப் பக்கங்களை இப்போதே முடிவு செய்யுங்கள்

எல்லா நாளும் ஒரே நுணுக்கத்தில் எழுதியாக வேண்டும் என்ற எண்ணம்தான் பலருக்கு வினையாகிறது. நான் மூன்று அளவு வைத்திருக்கிறேன்.

முழுப் பக்கம்: நேரம், பொருள், கிராமிலோ மி.லி.யிலோ அளவு, எண்ணெய், குடித்தவை, எங்கே சாப்பிட்டேன், உடம்பு எப்படி இருந்தது. சாதாரண நாட்களுக்கு இது.

அரைப் பக்கம்: நேரம், பொருள், கையளவு. தராசு கிடையாது. மூட்டை கட்டும் கடைசி ஐந்து நாட்களுக்கு இது போதும்.

ஒற்றை வரி: நேரமும் பொருளும், கூடவே முதல் பக்கத்தில் "போகக் கூடாது" என்று எழுதியதும். மாறும் நாளுக்கும் அதையடுத்த இரண்டு நாளுக்கும்.

பிறகு ஐந்து நாள் அரைப் பக்கம், அப்புறம் மறுபடி முழுப் பக்கம். எந்தத் தேதிக்கு எது என்று நோட்டிலேயே முன்கூட்டிக் குறித்துவையுங்கள். இப்படிக் குறித்திருந்தால் ஒற்றை வரி எழுதிய நாளும் எழுதிய நாள்தான். குறிக்காமல் விட்டால் அதே ஒற்றை வரி "சரியாக எழுதவில்லையே" என்ற குற்ற உணர்ச்சியாகிவிடும். அந்த உணர்ச்சி வந்த மறுநாள் நோட்டைத் திறக்கவே கை வராது.

3. டைரிப் பை: லாரியில் ஏறாத ஒரு பை

ஒரு சின்னத் துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் போக வேண்டியவை: சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, இரண்டு பேனா, தராசும் அதற்கு ஒரு மாற்று பேட்டரியும், ஒரு கிண்ணம், ஒரு டம்ளர், ஒரு மேசைக்கரண்டி, போன் சார்ஜர். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையையும் இதிலேயே வையுங்கள். இந்தப் பை சாமான்களோடு போகக் கூடாது, உங்கள் தோளில்தான் வர வேண்டும்.

பேனா எதற்கு இரண்டு என்றால், ஒன்றைப் பெட்டிமேல் பெயர் எழுத யாராவது வாங்கிப் போவார்கள். திரும்பி வராது.

முதல் முறை வீடு மாறியபோது நோட்டைப் "பத்திரமாக இருக்கட்டும்" என்று தட்டுகளுக்கு நடுவே சொருகிவைத்தேன். தட்டுகள் பழைய செய்தித்தாள் சுற்றி ஒரு பெட்டிக்குள் போயின, அந்தப் பெட்டிமேல் வேறு நான்கு பெட்டிகள் ஏறின. பதினோராம் நாள் கிடைத்தது. அதற்குள் துண்டுக் காகிதங்களில் எழுதியதில் பாதி குப்பைக்குப் போய்விட்டது. பத்திரமான இடம் வேறு, கைக்கு எட்டுகிற இடம் வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆப்பில் எழுதுகிறவர்களுக்கு இரண்டு சோதனை. போனில் இணையத்தை அணைத்துவிட்டு ஒரு வேளைச் சாப்பாட்டைப் பதிவு செய்து பாருங்கள். புதிய வீட்டில் இணைய இணைப்பு வரச் சில நாளாகலாம், சிக்னலும் எப்படி இருக்குமோ. பதிவாகவில்லை என்றால் அந்த நாட்களுக்குக் காகிதம்தான். அடுத்தது, இதுவரை எழுதியதை ஒரு கோப்பாக எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். சாமான் ஏற்றும்போது போன் கீழே விழாத வீடு அபூர்வம்.

4. பாத்திரங்களைக் கட்டுவதற்கு முன் அளந்துவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படிக்கு மட்டுமே நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். அரைமணி நேர வேலை.

நாம் "ஒரு கிண்ணம்" என்று எழுதுகிறோம். அந்தக் கிண்ணம் எவ்வளவு என்று எங்கேயும் எழுதியிருக்காது, கை அறிந்த கணக்கு அது. பாத்திரம் மாறினால் எழுத்து அப்படியே இருக்க அளவு மட்டும் மாறிவிடும். என் பழைய கிண்ணம் 220 மி.லி. கொள்ளும். புது வீட்டில் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்த கிண்ணம் 340 மி.லி. இரண்டு வாரம் "ஒரு கிண்ணம்" என்றே எழுதிக்கொண்டிருந்தேன். நோட்டைப் பார்த்தால் சாப்பாட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை. உண்மையில் ஒவ்வொரு வேளையும் ஒன்றரை மடங்கு.

அளப்பது எளிது. வெறும் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். வழக்கமாக எதுவரை பரிமாறுவீர்களோ அதுவரை தண்ணீர் ஊற்றுங்கள், விளிம்புவரை வேண்டாம். தண்ணீர் 1 கிராம் என்றால் 1 மி.லி., அதனால் தராசு காட்டுவதையே கொள்ளளவாக எழுதலாம். கிண்ணம், டம்ளர், குழம்புக் கரண்டி, எண்ணெய்க் கரண்டி என்று தினமும் புழங்கும் ஐந்தாறு பாத்திரம் போதும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டு, பாத்திரங்களை வரிசையாக வைத்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் கரண்டியைத் தவறவிடாதீர்கள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 தான். 15 மி.லி. மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. கரண்டி கொஞ்சம் ஆழமாக இருந்தாலே கணக்கு ஓடிவிடும்.

அடுத்து கையளவு. தராசு இல்லாத நாட்களில் உங்கள் கைதான் தராசு. அது எவ்வளவு காட்டுகிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். மூடிய முட்டி அளவுக்குச் சோற்றைத் தட்டில் குவித்து எடை பாருங்கள். உள்ளங்கை அளவுக்கு மீனோ இறைச்சியோ பன்னீரோ வைத்துப் பாருங்கள். ஒரு கைப்பிடி கடலை எத்தனை கிராம், கட்டைவிரல் நுனி அளவு வெண்ணெய் எத்தனை கிராம் என்றும் பார்த்து எழுதுங்கள். ஊரில் சொல்கிற பொது அளவை நம்ப வேண்டாம். என் முட்டியும் உங்கள் முட்டியும் ஒன்றல்ல.

இங்கே புதியவர்கள் வழக்கமாகச் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. அரிசி 100 கிராம் என்பதும் சோறு 100 கிராம் என்பதும் வேறு வேறு. வெந்தால் எடை இரண்டரை, மூன்று மடங்காகிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 360 கலோரி, 100 கிராம் சோற்றில் சுமார் 130. சமைத்த நாட்களில் அரிசியாக அளந்து, சமைக்காத நாட்களில் சோறாக அளந்தால் இரண்டையும் ஒரே பத்தியில் கூட்ட முடியாது. எது எது என்று பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். பருப்புக்கும் இதே கதைதான்.

5. ஃப்ரிட்ஜும் அலமாரியும் காலியாகும் நாட்கள்

வீடு மாறும் முன் இருப்பதைத் தீர்க்கத்தான் வேண்டும். அதற்கு டைரியே உதவும். கடைசி இரண்டு வாரப் பக்கங்களைப் புரட்டினால் வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று தெரியும். வாரத்துக்கு ஆறு முட்டை ஆகிறது, வீட்டில் பத்து இருக்கிறது என்றால் இனி வாங்க வேண்டாம். ஊகத்தில் வாங்கிவிட்டுக் கடைசி நாள் தூக்கிப் போடுவதைவிட இது மேல்.

இப்போது ஒரு பொறி. "வீணாகப் போகிறதே" என்று சாப்பிடும் சாப்பாடு. ஜாடியின் அடியில் இரண்டு கரண்டி ஜாம், பாக்கெட்டில் எட்டு பிஸ்கட், ஃப்ரீசரில் அரை டப்பா ஐஸ்கிரீம். இதைச் சாப்பாடாக மனம் ஏற்றுக்கொள்வதில்லை, காலி செய்யும் வேலையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அதனால் எழுதவும் தோன்றுவதில்லை. இந்த நாட்களில் ஓரத்தில் "கா" என்று ஒரு குறி போட்டு, காலி செய்யச் சாப்பிட்டதைத் தனியாகக் காட்டுங்கள். பிறகு படிக்கும்போது இது உங்கள் வழக்கம் இல்லை, சூழ்நிலை என்று புரியும்.

பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே பையில் கொட்டி இடத்தை மிச்சப்படுத்துவோம். கொட்டும் முன் உறையின் பின்பக்கத்தைப் படம் எடுங்கள். சத்து விவரமும் சேர்மானப் பட்டியலும் காலாவதித் தேதியும் உறையோடு குப்பைக்குப் போய்விடும். ஒவ்வாமைக்காக எழுதுகிறவர்களுக்கு இது கட்டாயம்.

மிச்சம் மீதியைத் தீர்க்கிறேன் என்று பழையதைச் சாப்பிட வேண்டாம். சமைத்தது ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள் தாங்கும், அதற்குமேல் நம்பாதீர்கள். சமைத்த தேதியை டப்பாமேல் ஒட்டுங்கள். வீடு மாறும் நாளில் வயிற்றுப்போக்கு வந்தால் டைரியும் நின்றுவிடும், மற்ற வேலையும் நின்றுவிடும்.

6. மூட்டை கட்டும் வாரம்: சாப்பிட்ட உடனே எழுதுங்கள்

சாதாரண நாளில் இரவு உட்கார்ந்து மொத்தமாக எழுதினாலும் ஓரளவு வரும், ஏனென்றால் நாளுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. காலை, மதியம், இரவு என்று பிடித்துக்கொண்டு நினைவு நடக்கும். மூட்டை கட்டும் நாளில் அந்த வடிவம் இல்லை. மதியச் சாப்பாடு மூன்றரைக்கு நடக்கும், இரவுச் சாப்பாடு இரண்டு தவணையாக நடக்கும். இரவு நினைத்துப் பார்த்தால் பாதிதான் வரும்.

அதனால் சாப்பிட்ட கையைத் துடைத்ததும் எழுதிவிடுவது என்று வையுங்கள். அதை எளிதாக்க நான் செய்வது: சமையலறை நிலைப்படியில் ஒரு வெள்ளைத் தாளைப் பெட்டி ஒட்டும் டேப்பால் ஒட்டி, பக்கத்தில் நூலில் ஒரு பேனாவைத் தொங்கவிடுகிறேன். எந்த அறைக்குப் போனாலும் அதைக் கடந்துதான் போக வேண்டும். இரவில் அதைப் படம் எடுத்துவிட்டு நோட்டில் ஏற்றுகிறேன். வீட்டில் மற்றவர்கள் முதல் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் "நானும் எழுதலாமா" என்று ஒரு குரல் வந்தது. எழுதலாம், ஆனால் தனித் தாளில். ஒரே தாளில் இரண்டு பேர் எழுதினால் யார் எதைச் சாப்பிட்டார் என்று அன்றிரவே குழப்பம்.

நடந்துகொண்டே வாயில் போட்டது, பிள்ளை வைத்துவிட்டுப் போன மீதி, உதவிக்கு வந்தவர்களோடு குடித்த டீ: இவைதான் வழக்கமாக விட்டுப்போகும். ஒவ்வொரு டீக்கும் ஒரு கோடு போடுங்கள், இரவில் கோடுகளை எண்ணிக்கொள்ளலாம். சர்க்கரை போட்ட டீ நாளுக்கு ஆறு என்று தெரிந்தபோது நானே அதிர்ந்துபோனேன்.

7. மாறும் நாள்: முந்தைய இரவே எழுதிவிடுங்கள்

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, இரண்டு முறை தவறிய பிறகு வந்த யோசனை. மாறும் நாளுக்கான சாப்பாட்டை முந்தைய இரவே கட்டி வையுங்கள். கட்டும்போதே அதை மறுநாள் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அன்றைக்கு உங்கள் வேலை, சாப்பிட்டதற்கு நேரம் போடுவதும், சாப்பிடாததை அடிப்பதும், கூடுதலாகச் சாப்பிட்டதைச் சேர்ப்பதும்தான். வெற்றுப் பக்கத்தை நிரப்புவதைவிட எழுதியதைத் திருத்துவது களைத்த மூளைக்குச் சுலபம்.

கட்டும் சாப்பாடு கையால் எடுத்துச் சாப்பிடக்கூடியதாக, சூடுபடுத்தத் தேவையில்லாததாக இருக்கட்டும். ரொட்டி, பழம், கடலை மாதிரி எண்ணக்கூடிய பொருட்களாக இருந்தால் இன்னும் நல்லது. "இரண்டு" என்று எழுதத் தராசு வேண்டாம். சமைத்த உணவையும் பால், முட்டை, இறைச்சி சேர்ந்ததையும் வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நிறுத்திய வண்டிக்குள் சூடு அதைவிடச் சீக்கிரம் ஏறும்.

என் நோட்டில் கடைசியாக வீடு மாறிய நாளின் பக்கம் இப்படி இருக்கிறது:

6:40 ரொட்டி 2, முட்டை 1, டீ
10:15 வாழைப்பழம் 1, படிக்கட்டில்
2:50 பொட்டலச் சோறு, முக்கால்வாசி
4:30 டீ, பிஸ்கட் ?
9:20 ரொட்டி 3, தொட்டுக்கொண்டது நினைவில்லை

அழகான பக்கம் இல்லைதான். ஆனால் இதிலிருந்தே ஒன்று தெரிகிறது: 10:15-க்கும் 2:50-க்கும் நடுவே நாலரை மணி நேரம், பளு தூக்கிக்கொண்டு, ஒரு பழத்தோடு. இரவு ரொட்டி ஏன் மூன்றானது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அடுத்த முறை பன்னிரண்டரைக்குப் போனில் அலாரம் வைப்பேன்.

எழுத நேரமே இல்லையென்றால் சாப்பாட்டைப் படம் எடுங்கள். சாப்பிடும் முன் ஒன்று, முடித்த பின் தட்டு எப்படி இருக்கிறது என்று ஒன்று. முன்படம் மட்டும் இருந்தால் எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள் என்பது தெரியாது. படத்தில் நேரமும் பதிவாகிவிடும்.

இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை இறங்க வாய்ப்புள்ள மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த நாளை இன்னும் கவனமாக நடத்த வேண்டும். உடல் உழைப்பு கூடி, சாப்பாடு தள்ளிப்போகும் நாள் இது. அதனால் சர்க்கரை இறங்கலாம். குளுக்கோஸோ சர்க்கரை கலந்த பானமோ டைரிப் பையிலேயே இருக்கட்டும். அளவை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் உறைந்துபோகவும் கூடாது, வெயிலில் காயவும் கூடாது. சாமான் வண்டியில் ஏற்றவே வேண்டாம்.

8. மறுநாள் காலை பத்து நிமிடம்

எழுந்ததும், பெட்டிகளில் கை வைக்கும் முன், நேற்றைய பக்கத்தைத் திறங்கள். விட்டுப்போனதை நிரப்ப இதுதான் கடைசி வாய்ப்பு. "என்ன சாப்பிட்டேன்" என்று கேட்டால் நினைவு வராது. "எங்கே நின்றேன், யார் பக்கத்தில் இருந்தார்" என்று கேட்டால் வரும். படிக்கட்டு ஞாபகம் வந்தால் வாழைப்பழம் ஞாபகம் வரும். போனில் உள்ள படங்கள், கடை ரசீது, குப்பைப் பையில் கிடக்கும் உறைகள் எல்லாம் சாட்சிகள்.

ஊகித்து எழுதியதற்கு முன்னால் "சு" போடுங்கள், சுமார் என்று பொருள். தெரியாததற்குக் கேள்விக்குறி. நேற்றைக்கு முன்தினத்தை நிரப்பப் போகாதீர்கள், அதைக் காலியாகவே விட்டுவிடலாம். நிறையப் பேர் செய்கிற தப்பு, வழக்கமாகச் சாப்பிடுவதை வைத்து வெற்றிடத்தை நிரப்பிவிடுவது. பக்கம் நிறைந்துவிடும், ஆனால் அது நடந்தது இல்லை. காலி இடம் யாரையும் ஏமாற்றாது. கற்பனை பின்னால் கணக்குப் போடும்போது ஏமாற்றும்.

9. புதிய வீட்டில் முதல் வாரம்

முதலில் ஃப்ரிட்ஜ். படுக்கவைத்து ஏற்றி வந்திருந்தால் உடனே போடாதீர்கள். கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும், அது இறங்கிவர நேரம் வேண்டும். எத்தனை மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். போட்ட பிறகும் உள்ளே 4 டிகிரிக்கு வந்த பின்தான் பால், முட்டை எல்லாம் வாங்கி வைக்கலாம். ஆகவே முதல் ஓரிரு நாள் ஃப்ரிட்ஜ் இல்லாத சாப்பாடுதான் என்று முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

டைரிப் பையில் உள்ள கிண்ணத்திலும் டம்ளரிலும்தான் முதல் வாரம் முழுக்கச் சாப்பிடுங்கள். மற்றப் பாத்திரங்கள் வெளியே வரவர ஒவ்வொன்றாக அளந்து பட்டியலில் சேருங்கள். புதிதாகத் தட்டு வாங்கியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தட்டு பெரிதானால் அதே சோறு கொஞ்சமாகத் தெரியும், கை தன்னால் இன்னொரு கரண்டி போடும்.

நோட்டுக்கு ஓர் இடம் முடிவு செய்யுங்கள். சாப்பிடும் இடத்திலிருந்து எழுந்திருக்காமல் எடுக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அலமாரியெல்லாம் அடுக்கி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நாள் வராது.

வெளியே வாங்கிச் சாப்பிடுவது இந்த வாரத்தில் கூடும், அது பரவாயில்லை. அதில் எண்ணெயும் உப்பும் எவ்வளவு என்று உங்களால் சொல்ல முடியாது, சொல்ல முயலவும் வேண்டாம். பொருளை எழுதி "வெளி" என்று குறித்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஆப்பில் தேடி, கிடைத்த முதல் எண்ணைப் போடுகிறவர்கள் உண்டு. அந்த எண் வேறு யாரோ எங்கேயோ செய்த பதார்த்தத்துக்கு உரியது.

"எங்கே" என்ற பத்தியை மட்டும் இந்த வாரம் விடாதீர்கள், அரைப் பக்க நாட்களிலும்கூட. புது வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது இந்த நாட்களில்தான் படிகிறது. நான் பார்த்த ஒருவர், மேசை வந்து சேராததால் நான்கு நாள் கட்டிலில் சாப்பிட்டார். மேசை வந்த பிறகும் கட்டிலில்தான் தொடர்ந்தார். இரவுத் தீனி எங்கிருந்து வந்தது என்பதை அவருக்கு அந்தப் பத்திதான் காட்டியது.

எடை பார்க்கும் வழக்கம் இருந்தால் ஒரு வாரம் விடுங்கள். வெளிச்சாப்பாட்டின் உப்பு உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும், வியர்வை அதை இறக்கும், தூக்கமின்மையும் சேர்ந்துகொள்ளும். எடை எந்தப் பக்கம் போனாலும் அது கொழுப்பைப் பற்றிப் பெரிதாக எதையும் சொல்லாது. தராசை வைக்கிற தரையும் மாறியிருக்கிறது. கெட்டியான, சமமான தரையில் ஓர் இடத்தைத் தேர்ந்து இனி அங்கேயே பாருங்கள்.

10. திருப்பிப் படிக்கும்போது

புது வீட்டில் முழுப் பக்கம் எழுதத் தொடங்கி இரண்டு வாரம் ஆன பிறகு உட்காருங்கள். அதற்கு முன் படித்தால் இடிபாடுதான் கண்ணில் படும்.

மாறிய நாட்களைச் சராசரியில் சேர்க்காதீர்கள். அந்தப் பக்கங்களை ஒரு கிளிப்பில் மாட்டித் தனியாக்கிவிட்டு, பழைய வீட்டின் கடைசி முழுப் பக்கங்களையும் புது வீட்டின் முதல் முழுப் பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கலோரி மொத்தத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் நேரத்தைப் பாருங்கள்: காலைச் சாப்பாடு தள்ளிப்போயிருக்கிறதா, இரவுச் சாப்பாடு நகர்ந்திருக்கிறதா? வேலைக்குப் போகும் தூரம் மாறியிருந்தால் இது நிச்சயம் தெரியும். அடுத்து, எவை காணாமல் போயின என்று பாருங்கள். பழைய வீட்டுப் பக்கங்களில் தினமும் இருந்த பழம் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்றால், கடை தூரமாகியிருக்கும், இல்லையென்றால் பழக்கூடை இன்னும் பெட்டியிலேயே கிடக்கும். போய்ப் பாருங்கள்.

பழைய பாத்திரப் பட்டியலைக் கிழித்துவிடாதீர்கள். இன்றைய தேதி போட்டு ஒரு கோடிட்டு, அதன் கீழே புதிய பட்டியலை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து "ஒரு கிண்ணம்" என்று ஒரு பழைய வரியைப் படிக்கும்போது அது எந்தக் கிண்ணம் என்று அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.